அடுப்பும் விளக்கும் நம்ம வீட்டுக்கு வந்த வழி



மலருக்கு ஒரு கட்டுரை வேணும் என்று கேட்டபோது, "சங்கம் வளர்ந்த கதையை எழுதுங்க அக்கா" என்றுதான் சொன்னார்கள். அந்தக் கதையை எழுத நம்மில் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது வேறு. போன கூட்டத்தில், கூரையில் சோலார் போட கூட்டமைப்புக் கடன் கேட்டு நாலு மனு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இருக்கிற நிதிக்கு ரெண்டு பேருக்குத்தான் கொடுக்க முடியும். யாருக்குக் கொடுப்பது என்று பேசிப் பேசி, முடிவு எடுக்காமலே எழுந்து வந்தோம். அந்த நாலு மனுவில் ஒன்று என்னுடையது.

வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை. விளக்கும் அடுப்பும் நம்ம வீட்டுக்கு எப்போ வந்தன, யார் வழியாக வந்தன, யாருக்கு முதலில் வந்தன, யாருக்குக் கடைசியில் வந்தன என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். அந்த யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்து வரலாற்றுப் பாடத்தில் ராஜாக்கள் இருந்தார்கள், அடுப்பு இல்லை. அதனால் நாமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தண்ணிக்குள்ளே போன ஊர்

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம். மேற்கே நடந்தால் நாகமரை பரிசல் துறை. அக்கரையில் பண்ணவாடி. நடுவில் இருப்பது மேட்டூர் அணையின் தண்ணீர். கோடையில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடியில் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவக் கோயிலின் கோபுரமும் வெளியே தெரியும். பார்க்க வெளியூர்க்காரர்கள் கூட்டமாக வருவார்கள். என் ஆயா மட்டும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டாள். அவள் பிறந்த ஊரும் அந்தத் தண்ணிக்குள்தான் இருக்கிறது. பதிமூணு வயசுப் பிள்ளையாக, தலையில் திருகைக்கல்லைச் சுமந்துகொண்டு மேட்டுக்கு ஏறி வந்தவள் அவள்.

மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. அப்போது சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த ஸ்டான்லி பெயரைத்தான் நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். 1937-இல் அங்கே தண்ணீரிலிருந்து கரண்டு எடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னாலேயே, 1932-இல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கிவிட்டது. பைக்காரா கரண்டு வந்த பிறகுதான் கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் வரிசையாக எழும்பின. தெற்கே பாபநாசத்தில் 1944-இல் இன்னொரு மின்நிலையம் வந்தது. ஆக, நம் மாநிலத்தில் அந்தக் காலத்துக் கரண்டில் பெரும்பங்கு மலையிலிருந்து விழுகிற தண்ணீரும் அணையில் தேங்குகிற தண்ணீரும் கொடுத்ததுதான்.

அந்தக் கரண்டு எங்கே போனது? ஆலைக்குப் போனது, பட்டணத்துக்குப் போனது. சென்னைப் பட்டணத்தில் அதற்கு முன்பிருந்தே தனியார் கம்பெனி ஒன்று மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. 1947-இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. ஊரைத் தண்ணிக்குக் கொடுத்துவிட்டு மேட்டுக்கு ஏறிய எங்கள் ஜனங்கள் மட்டும் ஆமணக்கெண்ணெய் விளக்கிலும் சிம்னி விளக்கிலும்தான் இருந்தார்கள். "நம்ம ஊரை முழுங்கின தண்ணி எங்கெங்கேயோ வெளிச்சம் குடுக்குதாம்" என்று ஆயா சொல்வாள். கோபமாகச் சொல்ல மாட்டாள். களி கிண்டிக்கொண்டே, மழை வரும்போல இருக்கு என்று சொல்வது மாதிரி சொல்வாள்.

கம்பம் வந்தது, மோட்டாருக்கு

1957 ஜூலை 1 அன்று சென்னை மாநில மின்வாரியம் அமைந்தது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலம் அது. கிராமங்களுக்கு லைன் இழுக்கும் வேலை அப்போதுதான் வேகம் பிடித்தது. கனடா நாட்டு உதவியோடு நீலகிரியில் குந்தா திட்டம் வந்தது. 1962-இல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து கரண்டு எடுக்க ஆரம்பித்தார்கள். தண்ணீரைப் பெரிதும் நம்பியிருந்த மாநிலத்துக்கு அது பெரிய மாற்றம். மழை பொய்த்தாலும் கரண்டு வரும் என்ற நிலை அதிலிருந்துதான் தொடங்கியது.

நான் பிறந்தது 1961-இல். எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும்போது எங்கள் ஊருக்குக் கம்பம் வந்தது. ஊரே தேங்காய் உடைத்தது. ஆனால் கம்பம் வந்தது கவுண்டர் கிணற்று மோட்டாருக்கு. வயலுக்கு நடுவே லைன் போனது. எங்கள் தெருப் பக்கம் திரும்பவே இல்லை. மாடு கட்டி கவலை இறைத்த காலம் போய், பொத்தானை அழுத்தினால் தண்ணி கொட்டுவதைப் பார்க்க நாங்கள் பிள்ளைகள் ஓடுவோம். இருட்டினால் வீட்டுக்கு வந்து சிம்னி விளக்கைப் பொருத்துவோம்.

இதைத் தப்பு என்று சொல்ல வரவில்லை. கிணற்றில் மோட்டார் ஓடினதால்தான் எங்கள் அம்மாவுக்கு வருஷத்தில் இன்னும் சில மாதம் கூலி வேலை கிடைத்தது. மோட்டார் கரண்டுக்காக விவசாயிகள் சிந்திய ரத்தமும் கொஞ்சமில்லை. 1970-களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி போராட்டம் நடந்தது. 1972-இல் கோயம்புத்தூர் தெருக்களை மாட்டு வண்டிகளால் நிறைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. பிறகு 1984-இல் சிறு, குறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் கரண்டு இலவசமானது.

நான் சொல்ல வருவது கணக்கைப் பற்றி. அந்த நாட்களில் அரசாங்கக் கணக்கில், ஒரு ஊரின் எல்லைக்குள் எந்த உபயோகத்துக்காவது கரண்டு வந்திருந்தால் போதும், அது 'மின்வசதி பெற்ற கிராமம்'. ஒரே ஒரு மோட்டார் ஓடினாலும் அந்த ஊர் வெளிச்சம் பெற்றுவிட்டதாக எழுதிவிடுவார்கள். 1997 வரைக்கும் இதுதான் விதி. 2004-இல்தான், ஊரில் நூற்றுக்குப் பத்து வீட்டிலாவது விளக்கு எரிய வேண்டும், பள்ளிக்கூடம் மாதிரி பொது இடத்திலும் இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். அதிலும் தொண்ணூறு வீடு இருட்டில் இருக்கலாம்! 1991 மக்கள்தொகைக் கணக்கில், தமிழ்நாட்டில் கரண்டு விளக்கு எரிந்த வீடுகள் நூற்றுக்கு 55 போலத்தான். 2001-இல் 78 ஆனது. 2011-இல் 93 ஆனது. ஊர்க் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. வீட்டுக் கணக்கு முடிய இன்னும் முப்பது நாற்பது வருஷம் ஆனது.

சிம்னி விளக்கில் எழுதின நோட்டு

நம் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாட்டிலேயே முதன்முதலாக மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியது 1989-இல் தர்மபுரியில்தான். மகளிர் திட்டம் என்று மாநிலம் முழுக்க விரிந்தது 1997-க்குப் பிறகு. நான் குழுவில் சேர்ந்தது 1992-இல்.

எங்கள் கூட்டம் ராத்திரி எட்டு மணிக்குத்தான். பகலில் எல்லாரும் கூலிக்குப் போய்விடுவோம். மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்காருவோம். கிருஷ்ணாயில் வாரம் ஒருத்தர் முறை. அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்து, அதைச் சுற்றி இருபது தலை. முன்னால் உட்கார்ந்தவளுக்கு எழுத்து தெரியும். பின்னால் உட்கார்ந்தவளுக்கு நிழல்தான் தெரியும். எங்கள் முதல் தீர்மான நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் மூணாவது பக்கத்தில் எண்ணெய்க் கறை. விளக்கு சாய்ந்து, கணக்கு பாதி அழிந்து போய், அன்றைக்கு எல்லாரும் அவரவர் கட்டின சேமிப்பை வாயால் சொல்லச் சொல்ல மறுபடி எழுதினோம். ஒருத்தர்கூட ஒரு ரூபாய் கூட்டிச் சொல்லவில்லை.

எங்கள் குழுவின் முதல் பெரிய தீர்மானம் கடன் பற்றியது இல்லை, விளக்கு பற்றியது. குடிசைக்கு ஒரு விளக்கு இலவசமாகக் கொடுக்கும் திட்டம் நம் மாநிலத்தில் அப்போதே இருந்தது. மீட்டர் கிடையாது, ஒரு நாற்பது வாட் பல்பு. மத்திய அரசும் 1988-89-இல் 'குடீர் ஜோதி' என்று அதே மாதிரி ஒரு திட்டம் கொண்டுவந்தது. திட்டம் இருந்தது, எங்கள் தெருவுக்குக் கம்பம் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் நின்ற கம்பத்திலிருந்து இந்தப் பக்கம் இழுக்க இன்னும் நாலு கம்பம் வேணும்.

பதினேழு பேர் சேர்ந்து திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு மனு கொண்டுபோனோம். பஸ் காசு சேமிப்பிலிருந்து எடுக்கலாமா கூடாதா என்று ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை. கடைசியில் ஆளுக்கு ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுத்து, அவரவர் காசிலேயே போனோம். கைநாட்டு வைக்கக்கூடாது, கையெழுத்துத்தான் போடணும் என்று ரெண்டு வாரம் முன்னாலிருந்தே எல்லாருக்கும் பெயர் எழுதச் சொல்லிக் கொடுத்தோம். அதில் நாலு பேர் அந்த மனுவில் போட்டதுதான் வாழ்க்கையில் முதல் கையெழுத்து.

ஏழு மாதம் கழித்துக் கம்பம் வந்தது. எங்கள் வீட்டில் பல்பு எரிந்த அன்றைக்கு என் மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "என்ன அத்தை?" என்றேன். "இத்தனை வருஷம் இந்தச் சுவத்துல இவ்வளவு கரி இருந்துதா?" என்றார். மறுநாள் காலையிலேயே சுண்ணாம்பு வாங்கி வரச் சொல்லி வெள்ளை அடித்தோம்.

புகை

விளக்கு வந்தது. அடுப்பு மட்டும் அப்படியே இருந்தது.

விறகுக்கு நாம் பட்ட பாட்டை இளம் உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விடியும் முன் காட்டுக்குப் போய், கார்டு கண்ணில் படாமல் சுள்ளி பொறுக்கி, தலைச்சுமையாகக் கொண்டுவருவோம். மழைக்காலத்தில் ஈர விறகு எரியாது. ஊதுகுழலை வாயில் வைத்து ஊதி ஊதி கண் இரண்டும் கோவைப்பழம் ஆகிவிடும். களி கிண்டுகிறவள் அடுப்பை விட்டு நகரவும் முடியாது. துடுப்பை நிறுத்தினால் கட்டி விழும். புகை எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம்தான் அவள் முகமும் இருக்கும்.

என் அம்மாவுக்கு ஐம்பது வயசுக்கு மேல் இருமல் நிற்கவே இல்லை. மேடு ஏறினால் மூச்சு இரைக்கும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "பீடி குடிப்பாங்களா?" என்று கேட்டார். அம்மா சிரித்துவிட்டாள். "இல்லீங்க, அடுப்புதான் ஊதுனேன்" என்றாள். டாக்டர் சிரிக்கவில்லை. பல வருஷம் விறகுப் புகையில் இருக்கும் பெண்களுக்கு, பீடி குடிப்பவர்களுக்கு வருகிற அதே நுரையீரல் நோய் வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அம்மா 2005-இல் போய்விட்டாள்.

கேஸ் அடுப்பு எங்கள் வீட்டுக்கு வந்தது அம்மா போன மூணாவது வருஷம்.

கேஸ் ஒன்றும் புதுசு இல்லை. 1955-இலேயே பம்பாயில் பர்மா ஷெல் கம்பெனி வீடுகளுக்கு சிலிண்டர் கொடுக்கத் தொடங்கியது. 1960-களில் இந்தியன் ஆயிலின் இண்டேன் வந்தது. ஆனால் வெகு காலம் அது பட்டணத்து வீட்டுச் சாமான். பதிவு செய்து வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நம் மாநிலத்தில் 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாக அடுப்பும் இணைப்பும் கொடுக்க ஆரம்பித்தது. 2016 மே 1-ஆம் தேதி மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. அதில் இணைப்பு வீட்டுப் பெண்ணின் பெயரில்தான். 2015-இல் நாடு முழுவதும் மானியம் நேராக வங்கிக் கணக்குக்கு வர ஆரம்பித்தபோது, நம் குழுப் பெண்கள் மற்றவர்களைப் போலத் தடுமாறவில்லை. நமக்குத்தான் பாஸ்புக் ஏற்கெனவே இருந்ததே!

ஆனாலும் 2011 கணக்கெடுப்பில்கூட நம் மாநிலத்தில் ஏறக்குறைய பாதி வீடுகளில்தான் கேஸ் அடுப்பு. இணைப்பு இலவசம்; அடுத்த சிலிண்டர் இலவசம் இல்லை. விலை ஏறும்போதெல்லாம் எத்தனை வீட்டில் சிலிண்டர் மூலையில் நிற்க, வாசலில் விறகு அடுப்பு புகைகிறது என்று நம் தெருவில் நடந்தாலே தெரியும். காப்பிக்கும் குழம்புக்கும் கேஸ், களிக்கும் சுடுதண்ணிக்கும் விறகு என்று பாதி பாதி ஓட்டுகிற வீடு இன்னும் நிறைய.

ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரில் இருக்கும் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். அதற்குச் சொந்த வாசனை கிடையாது. நமக்குத் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தைச் சேர்த்து அனுப்புகிறார்கள். நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து விடுங்கள். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள்.

பூமிக்குள் இருந்து எடுக்கும் இயற்கை எரிவாயு வேறு. அது காற்றைவிட லேசானது. நம் மாநிலத்தில் காவிரிப் படுகையில் அது கிடைக்கிறது. குத்தாலத்திலும், ராமநாதபுரம் பக்கம் வழுதூரிலும் அதை எரித்து கரண்டு எடுக்கிறார்கள். அடுப்புக்குப் போகாமல் முதலில் கரண்டாகத்தான் அது நம் வீட்டுக்கு வந்தது. 2019-இல் எண்ணூரில் கப்பலில் எரிவாயு இறக்கும் நிலையம் திறந்தார்கள். இப்போது சில நகரங்களில் குழாய் வழியாக அடுப்புக்கே வருகிறது. இன்னொரு பக்கம், 2017-இல் நெடுவாசலில் எரிவாயு எடுப்பதை எதிர்த்து மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்களில் பெண்கள் ஏராளம். 'எங்க வயல் போயிடும்' என்பது அவர்கள் பயம். 2020-இல் டெல்டா பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்து சட்டம் வந்தது. ஆயாவின் ஊர் ஞாபகம் வந்ததால் இதையும் எழுதுகிறேன். ஒருத்தர் வீட்டு அடுப்பு எரிய இன்னொருத்தர் எதை விடுகிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மாவுக்கடை அக்காவின் கடன்

2011-இல் அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. ஆட்டுக்கல்லைக் கொல்லைக்குத் தள்ளினோம். தோள்வலி போச்சு. ஆனால் அதே நேரம் கரண்டும் போச்சு.

2008-இல் ஆரம்பித்த மின்வெட்டு 2012-இல் உச்சத்துக்குப் போனது. தேவை ஏறிய வேகத்துக்கு மின்நிலையங்கள் வரவில்லை. காற்றாலையில் நம் மாநிலம் நாட்டிலேயே முன்னால் நின்றது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் காற்று சீசன் முடிந்தால் அது குறைந்துவிடும். கிராமங்களில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், அதற்கு மேலும் கரண்டு இருக்காது.

அப்போதுதான் எங்கள் குழுவில் ஒரு அக்கா கடன் வாங்கி, பெரிய கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்க ஆரம்பித்திருந்தார். அரிசி ஊறும், கரண்டு வராது. பாதி அரைக்கும்போது நின்றுவிடும். மாவு புளித்துப் போய் மாட்டுத் தொட்டியில் கொட்டினார். நாலு தவணை கட்டவில்லை. குழுவில் ஒருத்தி, "கட்ட முடியாதவ எதுக்கு வாங்கணும்?" என்று கேட்டுவிட்டாள். அக்கா அதற்குப் பிறகு மூணு வாரம் கூட்டத்துக்கு வரவில்லை.

நாங்கள்தான் வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்தோம். தவணையைப் பாதியாகக் குறைத்து, மாதங்களை இரட்டிப்பாக்கினோம். பாக்கியை ஆறு பேர் பகிர்ந்து வங்கியில் கட்டினோம். 2014-க்குப் பிறகு கரண்டு நிலைமை சீரானது. அக்கா எங்கள் ஆறு பேருக்கும் கடைசி ரூபாய் வரை திருப்பிக் கொடுத்தார். கொடுத்த அன்றைக்கு, ஆளுக்கு ஒரு படி மாவும் கொடுத்தார். அந்த அக்காவும் இப்போது சோலார் மனு போட்ட நாலு பேரில் ஒருத்தர்.

கூரைக் கணக்கு

சோலார் நம் மாநிலத்துக்கு நல்லா ஒத்துவரும். வெயிலுக்கு நமக்குப் பஞ்சமா? 2011-இல் பசுமை வீடுகள் திட்டத்தில் வீட்டோடு சோலார் விளக்கும் கொடுத்தார்கள். 2012-இல் மாநிலத்துக்கென்று சூரிய சக்திக் கொள்கை வந்தது. 2016-இல் ராமநாதபுரம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் வந்தது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு வீட்டுக் கூரைக்கு 'சூர்ய கர்' திட்டம் அறிவித்தது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், ரெண்டு கிலோவாட்டுக்கு 60,000, மூணும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய் மானியம்.

மனு போடும்போது எனக்கு இது மட்டும்தான் தெரிந்தது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஒரு கிலோவாட் பலகைக்கு நிழல் விழாத நூறு சதுர அடி கூரை வேணும். நம் ஊர் வெயிலில் அது ஒரு நாளைக்கு நாலு யூனிட் போல கொடுக்கும். ரெண்டு மாதத்துக்கு 240 யூனிட். சரி. எங்கள் வீட்டு மீட்டர் அட்டையை எடுத்துப் பார்த்தேன். ரெண்டு மாதத்துக்கு 85, 92, 96. நூறைத் தாண்டவே இல்லை. 2016 மே மாதத்திலிருந்து ரெண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் நமக்கு இலவசம். அப்போ நான் கட்டும் பில்லே ஒன்றுமில்லை. இல்லாத பில்லைக் குறைக்க நான் எதற்குக் கடன் வாங்கி வட்டி கட்ட வேண்டும்? பையன் சொன்னான், பக்கத்து ஊரில் எல்லாரும் போடுகிறார்கள் என்று நானும் மனு போட்டுவிட்டேன்.

'கரண்டு போனாலும் நம்ம வீட்டில் லைட் எரியும்' என்ற ஆசையும் இருந்தது. அதுவும் இல்லை. லைனோடு சேர்த்துப் போடும் சோலாரில் பாட்டரி இல்லாவிட்டால், ஊரில் கரண்டு போகும்போது அதுவும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேனுக்கு நம் கூரையிலிருந்து ஷாக் அடிக்கக்கூடாதே, அதற்காக. பாட்டரி வைத்தால் எரியும். ஆனால் பாட்டரிக்கு ஆயுசு சில வருஷம்தான். மாற்றுவதற்கு இப்போதே காசு ஒதுக்காவிட்டால், கூரையில் பலகை மட்டும் அழகுக்கு நிற்கும்.

இன்னொன்று. மனு போடுவது வீட்டு மின் இணைப்பு எண்ணை வைத்து. மானியம் போவது மனு போட்டவர் வங்கிக் கணக்குக்கு. நம்மில் எத்தனை பேர் வீட்டு இணைப்பு நம் பெயரில் இருக்கிறது? பாதி வீட்டில் செத்துப்போன மாமனார் பெயரே இன்னும் ஓடுகிறது. கடன் நம் பெயரில், இணைப்பு இன்னொருத்தர் பெயரில் என்றால், மானியம் ஒரு பக்கம், தவணை ஒரு பக்கம் ஆகிவிடும். முதலில் பெயர் மாற்றம். பிறகுதான் பலகை. வீட்டு வரி ரசீதையும் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே அந்த வேலையைத் தொடங்கலாம்.

அப்போ யாருக்குக் கொடுக்கலாம்? ரெண்டு மாதத்துக்கு முந்நூறு, நானூறு யூனிட் ஓடுகிற வீட்டுக்கு, அதிலும் பகலில் மிஷின் ஓடுகிற வீட்டுக்குக் கொடுத்தால், பில் குறைகிற காசிலேயே தவணையின் ஒரு பகுதியைக் கட்டலாம். மனு போட்ட தையல்காரத் தங்கச்சி வீடு அப்படிப்பட்டது. மாவுக்கடை அக்காவுக்கு அதைவிட அதிகம் ஓடுகிறது. ஆனால் அவர் கடை இணைப்பு தனி. மானியம் வீட்டு இணைப்புக்குத்தான், கடைக்குக் கிடையாது. அதனால் அவருக்கு மட்டும் விதி என்ன, செலவு எவ்வளவு என்று மின் அலுவலகத்தில் கேட்டு, முழுச் செலவுக்குக் கணக்குப் போட்ட பிறகு முடிவு எடுக்கலாம். 2012-இல் செய்த மாதிரி, கடன் கொடுத்துவிட்டுப் பிறகு அழ வேண்டாம்.

ஓட்டு வீடு, தகரக் கூரை வீட்டில் இருக்கும் சகோதரிகள் இந்தப் பேச்சிலேயே வரவில்லை என்பதும் எனக்கு உறுத்துகிறது. அவர்கள் கூரை பலகையைத் தாங்குமா என்பதே சந்தேகம். கம்பம் ஓடைக்கு அந்தப் பக்கமே நின்ற மாதிரி, சோலாரும் மெத்தை வீட்டோடு நின்றுவிடக்கூடாது. நம் கூட்டமைப்புக் கட்டடத்தின் மாடி சும்மாதான் கிடக்கிறது. அங்கே பொதுவாகப் போட்டு, கீழே கிரைண்டரும் தையல் மிஷினும் வைத்தால், மெத்தை வீடு இல்லாதவளும் வந்து வேலை செய்யலாம். அதற்கு விதி இடம் கொடுக்கிறதா என்று கேட்டு வர ரெண்டு பேரை அனுப்புவோம்.

அடுத்த கூட்டத்தில் என் மனுவை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இதைத் தியாகம் என்று யாரும் சொல்ல வேண்டாம். கணக்குத் தப்பாகப் போட்டிருந்தேன்; திருத்திக்கொண்டேன். மற்ற மூணு பேரும் அவரவர் மீட்டர் அட்டையைக் கொண்டு வாருங்கள். நடுவில் வைத்து எல்லாரும் பார்ப்போம். அப்போது மாதிரி நிழலில் உட்கார வேண்டியதில்லை. இப்போது பின்வரிசையில் இருப்பவளுக்கும் எழுத்து தெரிகிற அளவுக்கு நம் கூடத்தில் வெளிச்சம் இருக்கிறது.

எண்ணெய்க் கறை பட்ட அந்தப் பழைய நோட்டையும் நான் கொண்டு வருகிறேன். புதுசாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டும்.